ஈரோட்டு மஞ்சளும் ஏழு குழந்தைகளும்

டெல்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டிக்கு மூன்று பிளாக், தொண்ணூற்றாறு வீடுகள். அதில் தமிழ் பேசுகிற வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று எதிர்வீட்டுத் தமிழ்செல்வியுடையது. நான் சேஷன், மத்திய அரசில் செக்‌ஷன் ஆஃபீசர், ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. சொசைட்டியின் கௌரவச் செயலாளர் பதவியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஒருவனுக்கு இங்கிலீஷில் லெட்டர் டிராஃப்ட் பண்ண வரும் என்று டெல்லிக்காரனுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அவனை விடவே மாட்டான்.

தமிழ்செல்விக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். பெருந்துறைப் பக்கம். கணவர் செந்தில்குமார் விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஒரே பெண் ஷ்ரேயா, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. இவர்கள் குடிவந்து ஆறு வருஷம் வரை சொசைட்டியில் யாரும் தமிழ்செல்வியின் பெயரைக் கேட்டதில்லை. ‘மதராஸி பாபி’, அதாவது மதராஸி அண்ணி என்றார்கள், அதோடு சரி. அவளும் பேச்சுக் கொடுக்கமாட்டாள். அவள் ஹிந்தியைக் காய்கறி வண்டிக்காரரிடம் கற்றவள். அதனால் அந்த ஹிந்தியில் பேரம் பேசலாம், விரட்டலாம், நலம் விசாரிக்க முடியாது.

எல்லாம் ஷ்ரேயாவின் கன்னத்தில்தான் ஆரம்பித்தது. டெல்லிக் குளிரில் அந்தக் குழந்தைக்குத் தோல் வறண்டு வெடித்தது. கடையில் ஏதோ குழந்தைகள் கிரீம் வாங்கிப் பூசினாள். இரண்டே நாளில் முகம் முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. தமிழ்செல்வி அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க சார். முப்பத்தியாறு பேரு எழுதியிருக்கு. ஒண்ணாச்சும் வாயில நுழையுதுங்களா? என்ற வாயிலயே நுழையாதத என்ற புள்ள மூஞ்சில எதுக்குங்க சார் பூசோணும்?”

நான் படித்துப் பார்த்தேன். ஒன்றும் நுழையவில்லை. அரசாங்கச் சுற்றறிக்கைகளே வாயில் நுழைகிறவனுக்கு நுழையவில்லை என்றால் விஷயம் சற்றுக் கவலைக்குரியதுதான். அவள் டப்பாவை எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். ஏன் எங்கள் வீட்டுக் கூடை என்று கேட்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் சமையலறையில் பாதி சமையலுக்கு, பாதி குழந்தைத் தோலுக்கு என்று ஆகிவிட்டது. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ், வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் காயவைத்து அரைத்தால் குளியல் பொடி. உதட்டு வெடிப்புக்குத் தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கி ஆறவைத்த களிம்பு. பால்கனியில் ஐந்து தொட்டிகளில் சோற்றுக்கற்றாழை. அவள் வீட்டில் எந்தக் கிண்ணத்தைத் திறந்தாலும் தின்பதா பூசுவதா என்று கேட்டுக்கொண்டுதான் தொடவேண்டும். என் மனைவி ருக்கு ஒருநாள் கேட்காமல் தொட்டு, பாதாம் அல்வா என்று நினைத்ததை விழுங்கி, இது நன்றாயில்லையே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தமிழ்செல்வியிடம் ஒரு சட்டம் இருந்தது. செந்தில்குமார்மேல் மூன்று நாள் பூசிப் பார்க்காத எதையும் குழந்தைமேல் பூசக்கூடாது. அந்த மனிதர் இடது முழங்கையில் கற்றாழை, வலது முழங்கையில் ஆரஞ்சுத் தோல் பொடி, கழுத்தில் இன்னதென்று தெரியாத ஒன்று, இவற்றோடுதான் டியூட்டிக்குப் போவார். விமான நிலையத்தில் அவரைத் தடவிச் சோதிக்கிற காவலர்கள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்று என்ன பண்டிகை என்று கேட்பார்களாம். ஒருநாள் லிஃப்டில் என்னிடம், “கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் சொல்லலீங்க சார்” என்றார். அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

அரைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மிக்ஸியில் வெட்டிவேர் நைஸாக அரைபடாது. செக்டர் மார்க்கெட்டில் கோதுமை அரைக்கிற மாவு மில்காரரிடம், “பையா, ஏக் பார், ஜல்தி”, அண்ணே, ஒரே தடவை, சீக்கிரம் என்று சொல்லி நாலு கிலோவை அரைத்து வாங்கிவந்துவிட்டாள். மில்லை ஒருமுறை தவிட்டைப் போட்டு ஓட்டித் துடைக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அடுத்து அரைத்தது எங்கள் வீட்டுக் கோதுமை. நாலு நாள் நான் ரோஜாவும் வெட்டிவேரும் மணக்கிற சப்பாத்தி தின்றேன். உருளைக்கிழங்கு மசாலாவோடு அது சேரவே இல்லை. ஐந்தாம் நாள் கத்திவிட்டேன். ருக்கு, “வேர்வை நாத்தமாவது கொறையும், சாப்பிடுங்கோ” என்றாள்.

ஆனால் ஷ்ரேயாவின் கன்னம் ஒரே மாதத்தில் வழுவழுவென்று ஆகிவிட்டது. அதை முதலில் கவனித்தவள் மஞ்சு, சொசைட்டித் தலைவர் மல்ஹோத்ராவின் மருமகள். அவள் பையன் அனிருத்துக்கும் குளிர்காலத்தில் கன்னம் வெடித்து ரத்தம் கசியும். ஒரு பாட்டில் பொடி கொடுத்தாள் தமிழ்செல்வி. இரண்டு வாரத்தில் அவனுக்கும் சரியாயிற்று. அப்புறம் என்ன, காலி பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மூன்று பிளாக்குப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். லிஃப்டில், பார்க்கில், பால் பூத்தில் எல்லாம் ‘தமிழ்ஜி, தமிழ்ஜி’ என்று அழைப்பு. தமிழ்ஜியின் ஹிந்திகூடக் கொஞ்சம் தேறியது.

அவர்கள் அதை உபயோகித்த விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் குழைத்துத் தேய்த்து உடனே அலம்பிவிடவேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். பஞ்சாபி வீடுகளில் அதற்கு உப்டன் என்று பெயர் வைத்து, பாலாடையும் கடுகெண்ணெயும் விட்டுக் குழைத்து, குழந்தையின்மேல் அப்பி, கார்ட்டூன் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்தார்கள். “வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி அடிக்கறாங்க சார்” என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. இதில் நம் ஊருக்குப் பெருமை இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நோட்டீஸ் போர்டில் ‘தென்னிந்தியப் பாரம்பரியக் குழந்தைத் தோல் பராமரிப்பு, முற்றிலும் பாதுகாப்பானது’ என்று இங்கிலீஷில் டைப் அடித்து, செயலாளர் என்று கையெழுத்தும் போட்டு, சீலும் குத்தி ஒட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை. சீல் கையில் இருந்தால் எதிலாவது குத்தவேண்டும் என்று தோன்றுவது எங்கள் உத்தியோகத்தில் வருகிற வியாதி.

போன நவம்பர் கடைசியில் அவள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்கப் போனாள். நம் ஊர்ச் சரக்கு விற்கிற கடையில் அன்று கஸ்தூரி மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். அவள் திரும்பியிருக்கவேண்டும். ஆனால் கடை வாசலில் அப்போதுதான் ஒரு சமையல் மஞ்சள் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கின்மேல் ஈரோடு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. சாக்கைக் கண்டதும் இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

கஸ்தூரி மஞ்சள் தோலில் ஒட்டாது. சமையல் மஞ்சளோ சட்டையில் பட்டாலே ஜென்மத்துக்கும் போகாது. மஞ்சள் மண்டி இருக்கிற ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் இரண்டு கிலோ வாங்கினாள். எங்கூரு மஞ்சள் எந்தப் பிள்ளையை என்ன பண்ணிவிடும் என்கிற மிதப்பு. ஊர்ப் பாசத்தில் வழக்கமான அளவுக்கு இரண்டு பங்கு போட்டும் விட்டாள். பழைய பொடிதானே என்று சோதனையும் செய்யவில்லை. செய்யவும் முடியாது, செந்தில்குமார் பத்து நாள் பயிற்சிக்கு ஹைதராபாத் போயிருந்தார்.

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை. சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் மஞ்சு ஒரு போட்டோ போட்டாள். அனிருத்தின் முகம் எலுமிச்சம்பழம்போல் இருந்தது. ‘இது பீலியாவா?’ என்று கேட்டிருந்தாள். பீலியா என்றால் மஞ்சள் காமாலை. கால் மணி நேரத்தில் பி பிளாக்கிலிருந்து இன்னொரு மஞ்சள் குழந்தையின் போட்டோ வந்தது. சாயங்காலத்துக்குள் நாலு குழந்தைகள், சனிக்கிழமை காலையில் ஏழு குழந்தைகள்.

சொசைட்டியே கதிகலங்கிப்போயிற்று. மல்ஹோத்ரா ஒரு டாக்டரை வீடியோ காலில் பிடித்தார். போன் கேமராவில் எல்லாருமே மஞ்சளாகத் தெரிகிறீர்கள், நீங்கள் உட்பட என்று அவர் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரில் வாருங்கள், ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்றார். நேரில் போக யாருக்கும் பொறுமையில்லை, லேப் ஆளை வரவழைத்து ஏழு குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று, ரிப்போர்ட் திங்கட்கிழமை. அதுவரை யார் பொறுப்பது? கரும்புச் சாற்று வண்டிக்காரர் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து டிசம்பர் குளிரில் கேட் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்கு வீடு முள்ளங்கிச் சாறு. இரண்டும் இங்கே காமாலைக்குக் கைமருந்து. ஒரு வீட்டில் கேன் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். அதுவும் உப்டன் தேய்த்துத்தான். காமாலை வந்த குழந்தை கொஞ்சம் களையாக இருக்கட்டுமே என்று.

காமாலை என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் தொட்டி. தொட்டி என்றால் பூரன் சிங். மல்ஹோத்ராவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பூரன் சிங் கர்வால் மலைக்காரர், பதினொரு வருஷமாக எங்கள் பம்ப் ஆபரேட்டர். பம்ப் அறையை ஒட்டின ஒற்றை அறையில்தான் வாசம். அக்டோபரில் தொட்டி கழுவியதாகத் தொட்டிச் சுவரில் தேதி எழுதியிருந்தார். தேதி எழுதத்தான் தெரியும், கழுவியிருக்கமாட்டான் என்று தீர்மானமாயிற்று. அவரை வேலையிலிருந்து நீக்குவது, டிசம்பர் 31-க்குள் அறையைக் காலி செய்வது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்குவது என்று முடிவாயிற்று. லெட்டர் எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், ‘மிகுந்த அலட்சியம்’ என்று இரண்டு இடத்தில் வரும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தமிழ்செல்வி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. துப்பட்டாவின் நுனியைக் கையில் பிடித்திருந்தாள். அது மஞ்சளாக இருந்தது.

“சார், ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

“என்னம்மா ஆச்சு?”

“அது காமாலை இல்லீங்க. என்ற மஞ்சளுங்க சார்.”

அரை மணி முன்னால் லிஃப்டில் அனிருத்தைப் பார்த்திருக்கிறாள். முகமும் கழுத்தும் மஞ்சள். காலரை விலக்கிப் பார்த்தால் உள்ளே பழைய நிறம். குளிருக்குச் சட்டையைக் கழற்றாமல் வெளியே தெரிந்த இடத்தில் மட்டும் அப்பியிருக்கிறார்கள். “காமாலைக்குக் காலர் எங்க இருக்குன்னு தெரியுமுங்களா சார்? வீட்டுக்கு ஓடிப்போயி துப்பட்டாவுல தேங்காயெண்ணெயத் தொட்டுட்டு வந்து, அவன் காதுக்குப் பின்னால ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். இத பாருங்க, வந்துருச்சு.” அவள் வீட்டில் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஷ்ரேயா இந்தப் பொடியை முதல் நாளிலிருந்தே தொடவே விடவில்லையாம். “மம்மி, ஐ ஸ்மெல் லைக் சாம்பார்ங்கறா. அவ சொன்னது சரியாத்தான் இருந்திருக்குது.”

எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஏழு குழந்தைகளுக்கும் ஒன்றுமில்லை. அடுத்த நொடியே நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்தது. முற்றிலும் பாதுகாப்பானது, கையொப்பம், சீல். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ் எனக்குச் சொல்லித்தந்தது என்னவோ, அதுதான் வாயில் வந்தது.

“இதோ பாரும்மா. திங்கக்கிழமை ரிப்போர்ட் வந்துடும். எல்லாம் நார்மல்னு வரும். நாலு குளியல்ல மஞ்சளும் போயிடும். ஜனங்களும் மறந்துடுவா. நீயா போய் எதுவும் சொல்லாதே. பேசாம இரு.”

“அப்ப பூரன் அண்ணன்?”

“அவனுக்கென்ன, துவாரகா முழுக்கச் சொசைட்டி. வேற எடம் கெடைக்கும்.”

“ரூமைக் காலி பண்ணச் சொல்லி எழுதியிருக்கீங்களாமே சார்.”

“மாசக் கடைசி வரைக்கும் டயம் குடுத்திருக்கோம்மா.”

“டிசம்பர் மாசக் கடைசிங்களா?” என்றாள். டெல்லிக் குளிர் உச்சிக்கு ஏறுகிற நேரம் அது. ஒரே கேள்விதான். எனக்குக் கோபம் வந்தது. தப்பு தன்மேல் இருக்கும்போது வருகிற கோபம் அது, நன்றாகவே வந்தது. நீ ஈரோட்டு மஞ்சளை வாங்கிவிட்டு என்னைக் கேட்கிறாயா என்று கத்தினேன். நம்மவர்கள் பெயரே கெட்டுவிடும், நாளைக்கு யாரும் உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன்.

“அது எனக்கும் தெரியுதுங்க சார். ஆறு வருசமா அந்த லிஃப்டுல என்னையப் பேரு சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லீங்க. இப்பத்தான் தமிழ்ஜின்னு கூப்புடறாங்க. நாளைக்குச் சொன்னா திரும்பவும் மதராஸி பாபிதான். அழுகாச்சியாத்தான் வருது” என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள். சரி, புரிந்துகொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ருக்கு, அன்று எனக்கு மோர் சாதத்துக்கு ஊறுகாய் வைக்கவில்லை. கேட்டதற்கு, “நார்மல்னு ரிப்போர்ட் வரட்டும், வைக்கறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பம்ப் அறைக்குப் போய் லெட்டரைப் பூரன் சிங்கிடம் நானே கொடுத்தேன். ஆபீஸ் நகலில் கையெழுத்து வாங்கினேன். மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக் கூட்டத்துக்குச் சொசைட்டி ஹாலில் உட்கார இடமில்லை. ஏழு மஞ்சள் குழந்தைகளையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு கரும்புச் சாற்று டம்ளரோடு. அவர்களைப் பார்த்தால் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்கள் போலிருந்தது, அவ்வளவு உற்சாகம். மல்ஹோத்ரா கால் மணி நேரம் தண்ணீரின் தூய்மை பற்றிப் பேசிவிட்டு, லெட்டரை வாசிக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். நான் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து தமிழ்செல்வி எழுந்து வந்தாள். ஒரு கையில் தேங்காயெண்ணெய் பாட்டில், இன்னொரு கையில் பஞ்சு. யாரையும் அனுமதி கேட்கவில்லை. அனிருத்தின் முன்னால் மண்டியிட்டு, பஞ்சை எண்ணெயில் நனைத்து, அவன் நெற்றியிலிருந்து தாடை வரை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். மஞ்சள் முகத்தின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சாலை விழுந்தது. பஞ்சை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

“பீலியா நஹீ. பானி டீக் ஹை. பூரன் பையா டீக் ஹை. யே ஹல்தி. மேரா ஹல்தி. மேரா கல்தி.”

தண்ணீரில் குறையில்லை, பூரன்மேல் குறையில்லை, இது என் மஞ்சள், தப்பு என்னுடையது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த ஹிந்தி. போதுமானதாக இருந்தது.

ஏழு தாய்மார்களும் அந்த எண்ணெய் பாட்டிலுக்காகப் பாய்ந்தார்கள். பஞ்சு போதவில்லை. ஒருத்தி துப்பட்டாவை எடுத்தாள், ஒருவர் கைக்குட்டையை நீட்டினார். குழந்தைகள் தங்கள் மஞ்சளைக் கழற்றவிடாமல் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார்கள். மஞ்சு மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே தமிழ்செல்வியைத் திட்டவும் செய்தாள். குழந்தைக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்தினார்களே என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தமிழ்செல்வி, இங்கே மன்னிப்புக் கேட்கிற முறைப்படி, இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மல்ஹோத்ரா மேஜையைத் தட்டினார். “இது உங்களுக்கு எப்போது தெரியும்?” என்று அவளைக் கேட்டார்.

தனக்குச் சாட்சியாக ஒரு கௌரவமான ஆள் இருக்கிறார் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். என்னைக் கை காட்டினாள். “கல் ஷாம். சேஷன்ஜி கோ போலா. சப் போலா.”

நேற்று மாலை, சேஷன்ஜியிடம் எல்லாம் சொன்னேன். நூறு தலைகள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. ‘மிகுந்த அலட்சியம்’ என்று இரண்டு இடத்தில் வருகிற லெட்டர் என் கையில் விரித்தபடி இருந்தது. அவள் என்னை மாட்டிவிட நினைத்துச் சொன்னவள் அல்ல, சத்தியமாக அல்ல. அதனால்தான் இன்னும் மோசமாக இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

லெட்டர் ரத்தாயிற்று. நான் செயலாளர் பதவியைவிட்டு விலகுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்தைய வருஷம் இதே ஹாலில் கெஞ்சியவர்கள்.

கொடுத்த லெட்டரைத் திரும்ப வாங்கவேண்டும் என்று பம்ப் அறைக்குப் போனேன். பூரன் சிங் வாசலில் வெயிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு டிரங்குப் பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. லெட்டர் இங்கிலீஷில் இருந்ததால், கேட் காவலரிடம் கொடுத்துப் படிக்கவைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன். காமாலை இல்லையாம் பூரன், மஞ்சள்தானாம், நீ எங்கேயும் போகவேண்டியதில்லை என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

“எனக்குத் தெரியுமே, சாப்” என்றார்.

“தெரியுமா? எப்போதிலிருந்து?”

“புதன்கிழமையிலிருந்து. எல்லா பாத்ரூம் தண்ணியும் பின்னால சாக்கடைக்குத்தானே வருது. நாலு நாளா மஞ்சளா வந்துச்சு, ரோஜாப்பூ வாசனையோட. பீலியா வந்த குழந்தை குளிச்சா தண்ணி மஞ்சளா வருமா, சாப்?”

“அப்புறம் ஏனப்பா சொல்லலை? வேலை போகிற நிலைமையில்கூடவா சொல்லக்கூடாது?”

அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “காலையில ரெண்டு பேர் இங்க வந்தீங்க. அந்த பாபிஜி பத்து மணிக்கு வந்து, காதைப் பிடிச்சுக்கிட்டு, தொட்டி கழுவுனீங்களா, தண்ணி எப்படி இருக்கு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேட்டாங்க. அவங்ககிட்டச் சொன்னேன். அதுக்கு முன்னால நீங்க வந்தீங்க. கையெழுத்துதானே கேட்டீங்க, சாப். போட்டேன்.”

சம்பந்தப்பட்ட ஊழியரிடம் விளக்கம் கேட்காமல் எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது என்று முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனை ஃபைலில் எழுதியிருப்பேன், பெரிய அதிகாரிகள் எழுதியதை எத்தனை முறை அதே காரணம் காட்டித் திருப்பியிருப்பேன். பதினொரு வருஷமாக எனக்குத் தண்ணீர் ஏற்றித் தருகிற மனிதரிடம் அந்த ஒரு வரியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஹிந்தியே சரியாகப் பேச வராத ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் லெட்டரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது, அதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் நகர்ந்து, என்னை உட்காரச் சொல்லி, ஒரு கை நிலக்கடலை கொடுத்தார்.